மூழ்கிய ‘மாரு’ கப்பல்களைத் தேடுவது எப்படி? பெயர், தேதி, டன் எதுவுமே ஒத்துப்போகவில்லை

கோபேவாசி எழுதியது (ஞாயிறு இரவு)

வணக்கம். ஜப்பானில் கோபே நகரத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். இந்தக் குழுமத்தை நெடுநாளாகப் படித்து வருகிறேன், எழுதுவது முதல் தடவை.

இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய கப்பல்களுக்கும் அவற்றோடு போன மாலுமிகளுக்குமான இடம். அகில ஜப்பான் கடலோடிகள் சங்கம் 2000ஆம் ஆண்டில் திறந்தது. இன்று போயிருந்தேன். சுவரில் வரிசை வரிசையாகக் கப்பல் படங்கள். சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல், எண்ணெய்க் கப்பல், எல்லாவற்றின் பெயரும் ‘மாரு’ என்று முடிகிறது. தினமும் கப்பலின் அடிவயிற்றில் நின்று வேலை பார்க்கிறவன் நான். ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது இயந்திர அறை எங்கே இருந்திருக்கும், அங்கிருந்து மேல்தளத்துக்கு எத்தனை ஏணி ஏற வேண்டும் என்றே மனம் கணக்குப் போட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கப்பலைப் பற்றியாவது முழுதாகத் தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். காமகுரா மாரு. 17,526 டன் பயணிகள் கப்பல். 1943 ஏப்ரல் 28இல் பிலிப்பைன்ஸ் கடலில் ‘கட்ஜன்’ என்ற அமெரிக்க நீர்மூழ்கி டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் அதே அளவு, அதே கட்டுமான ஆண்டு உள்ள கப்பலைப் பழைய பட்டியல் ஒன்று சிச்சிபு மாரு என்கிறது. இன்னொன்றில் டிட்டிபு மாரு. மூன்று கப்பலா, ஒன்றா?

இரண்டாவது குழப்பம், மொத்தக் கணக்கு. ஓர் அமெரிக்க அறிக்கை 79 லட்சம் டன் என்கிறது, இன்னொரு அமெரிக்க அறிக்கை 89 லட்சம் டன் என்கிறது. பத்து லட்சம் டன் வித்தியாசம் எப்படி வரும்? எதை நம்புவது, எங்கே தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஏட்டுச்சுவடி எழுதியது (திங்கள் காலை)

வாருங்கள் தம்பி. பெயரிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் இந்தத் தேடலில் பாதி நேரம் பெயரில்தான் போகும்.

மூன்றும் ஒரே கப்பல். 1930இல் ஓடத் தொடங்கியபோது சிச்சிபு மாரு. 1937இல் ஜப்பான் அரசு தங்கள் மொழியை ரோமன் எழுத்தில் எழுதப் புது விதி போட்டது. ஜப்பானிய அரிச்சுவடியில் ‘சி’ ஒலி தகர வரிசையில் வருகிறது. ஆகவே ஆங்கிலேயர் காதுக்குக் கேட்கிறபடி எழுதாமல், வரிசைப்படி ‘டி’ (ti) என்றே எழுத வேண்டும் என்றது அந்த விதி. ஒரே இரவில் சிச்சிபு, டிட்டிபு ஆகிவிட்டது. அமெரிக்கப் பாதையில் ஓடிய கப்பல் அது. ஆங்கிலம் படிக்கிற பயணிகளிடையே அந்த எழுத்துக்கூட்டு எடுபடவில்லை. 1939இல் பெயரையே மாற்றிக் காமகுரா மாரு என்று வைத்துவிட்டார்கள்.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. அழகப்பன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ழகரம் தெரியாத ஒருவர் அந்தப் பத்திரங்களை வைத்துக்கொண்டு ஆள் எத்தனை பேர் என்று எண்ணினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும்.

இதற்கு எதிர்மாறான சிக்கலும் உண்டு. ஒலி ஒன்று, எழுத்து வேறு. ‘ஜுன்யோ’ என்று ஒரு விமானந்தாங்கிப் போர்க்கப்பல் இருந்தது. ‘ஜுன்யோ மாரு’ என்று ஒரு பழைய சரக்குக் கப்பலும் இருந்தது. ஜப்பானிய எழுத்தில் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரோமன் எழுத்தில் தேடினால் இரண்டும் கலந்துகொண்டு வரும்.

அதனால் நான் பெயரை நம்புவதில்லை. கட்டிய பட்டறை, கட்டிய ஆண்டு, மொத்த டன், இந்த மூன்றும்தான் கப்பலின் அங்க அடையாளம். உலகக் கப்பல்களின் விவரங்களைத் தொகுத்த லாயிட்ஸ் பதிவேட்டின் 1930 முதல் 1945 வரையிலான தொகுதிகள் இணையத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. கப்பலின் பழைய பெயர்களும் அதிலேயே இருக்கும். முதலில் அதில் பிடியுங்கள். அப்புறம் ஜப்பானிய எழுத்தில் பெயரைக் கண்டுபிடித்து, ஆசிய வரலாற்று ஆவணங்களுக்கான ஜப்பான் மையத்தின் தளத்தில் தேடுங்கள். 2001இல் தொடங்கிய தளம், கட்டணம் கிடையாது. படைத்துறையின் பழைய தாள்கள் அப்படியே படமாகக் கிடைக்கும். ஆண்டு ‘ஷோவா 18’ என்று இருக்கும். 1925ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், 1943 வந்துவிடும்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 1945 ஆகஸ்டில் சரணடைந்த நாட்களில் ஜப்பானியப் படை அலுவலகங்கள் காகிதங்களைக் கட்டுக் கட்டாக எரித்தன. நடுவில் சில மாதங்கள் காணாமல் போயிருந்தால் உங்கள் தேடலில் குறை என்று நினைத்துச் சோர்ந்துவிடாதீர்கள்.


சுக்கான் எழுதியது (திங்கள் மதியம்)

நான் இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன். டன் கணக்கு என் பங்கு.

தம்பி சொல்கிற டன், எடை இல்லை. கப்பலுக்குள் மூடிய இடம் எவ்வளவு என்பதன் அளவு. 100 கன அடி ஒரு டன். போர்க்கப்பலுக்குச் சொல்லும் டன் வேறு, அது தள்ளும் நீரின் எடை. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டியிருக்கும் பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பட்டியலைத் தொடவே தொடாதீர்கள்.

இனி அந்தப் பத்து லட்சம் டன். போர் முடிந்ததும் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வைத்தன. 1947 பிப்ரவரியில் அதன் அறிக்கை வந்தது. 500 டன்னுக்குக் குறைந்த கப்பலை அவர்கள் எண்ணவே இல்லை. அமெரிக்கப் படைகள் மூழ்கடித்தவை என்று 2,117 வணிகக் கப்பல்களை ஏற்றுக்கொண்டார்கள், ஏறத்தாழ 79 லட்சம் டன். மற்றது, விமானக் குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய அமெரிக்கா வைத்த குண்டுவீச்சு ஆய்வுக்குழுவின் அறிக்கை. போர் தொடங்கும்போது ஜப்பானிடம் 60 லட்சம் டன் இருந்தது, போர்க்காலத்தில் கட்டியும் பிடித்தும் 41 லட்சம் சேர்ந்தது, 89 லட்சம் போயிற்று என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ‘மூழ்கியது’ மட்டும் இல்லை, போர் முடிவில் ஓட்ட முடியாத அளவுக்கு உடைந்து கிடந்ததையும் சேர்த்துத்தான் அந்த 89. புயலிலும் பாறையிலும் போனதும் அதற்குள் அடக்கம், அது நூற்றுக்கு 4. ஆக இரண்டு அறிக்கையும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்வி வேறு வேறு.

நீர்மூழ்கிகளின் பங்கு நூற்றுக்கு 54.7 என்று அதே ஆய்வுக்குழு சொல்கிறது. ஆனால் நீர்மூழ்கிக் கேப்டன்கள் போர் நடக்கும்போது சொன்னதைக் கூட்டினால் சுமார் 4,000 கப்பல், ஒரு கோடி டன். மதிப்பீட்டுக் குழு ஏற்றுக்கொண்டது போர்க்கப்பலும் சேர்த்து 1,314 கப்பல், 53 லட்சம் டன். இருட்டில், பெரிஸ்கோப் வழியே, புகைபோக்கியும் பாய்மரக் கம்பமும் நிழலாகத் தெரிவதை வைத்துக் கப்பலின் அளவைச் சொல்வது சாதாரணம் இல்லை. போதாக்குறைக்கு அமெரிக்கர்களின் 14ஆம் வகை டார்பிடோ போரின் முதல் இரண்டு ஆண்டுகளில் இலக்கைத் தொடும் முன்பே வெடித்துத் தொலைத்தது. தூரத்தில் வெடிச்சத்தம், தண்ணீர் எழும்பும், கேப்டன் ‘அடித்துவிட்டேன்’ என்று எழுதுவார். எதிரே கப்பல் முழுசாக ஓடிக்கொண்டிருக்கும். கேப்டன்களின் கணக்கை நான் ஒருபோதும் தனியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.


ஆழநீர் எழுதியது (திங்கள் இரவு)

சுக்கான் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. கேப்டன்கள் எப்போதும் கூட்டித்தான் சொன்னார்கள் என்ற எண்ணம் இங்கே பதிந்துவிடக் கூடாது.

‘டாங்’ என்ற அமெரிக்க நீர்மூழ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கேப்டன் ரிச்சர்ட் ஓ’கேன். 1944 ஜூன் 24 இரவு, நாகசாகிக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கூட்டத்தின் மேல் ஆறு டார்பிடோ விட்டார். இரண்டு கப்பல் போனது என்று குறித்தார். போருக்குப் பிறகு ஜப்பானியப் பதிவுகளைப் பார்த்தால் நான்கு கப்பல்: தமஹோகோ மாரு, தைனான் மாரு, நசுசான் மாரு, கென்னிச்சி மாரு. பார்த்த மனிதர் பாதியைத்தான் சொன்னார்.

மதிப்பீட்டுக் குழுவும் கடைசி வார்த்தை இல்லை. ‘டாங்’ நீர்மூழ்கிக்கு அது கொடுத்தது 24 கப்பல். பிற்பாடு ஜப்பானிய ஆவணங்களை மறுபடி ஒப்பிட்டபோது 33 ஆயிற்று. 1947 அறிக்கை அவசரமாக முடித்த வேலை. நல்ல தொடக்கம், அவ்வளவே. அதைக் கல்வெட்டுப் போல எடுத்துக்கொண்டு ‘அறிக்கையில் இல்லை, அதனால் மூழ்கவில்லை’ என்று வாதாடுகிறவர்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த நான்கில் முதல் கப்பலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமஹோகோ மாருவில் 772 போர்க்கைதிகள் இருந்தார்கள். நேசநாட்டுக் கைதிகள். 560 பேர் இறந்துபோனார்கள். ஓ’கேனுக்கு அது தெரிய வழியே இல்லை. நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 25இல், அவருடைய நீர்மூழ்கி தான் விட்ட டார்பிடோ வட்டமடித்துத் திரும்பி வந்ததில் மூழ்கியது. பிழைத்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர். அவரும் ஜப்பானியர் கையில் கைதியானார்.

தேதிக்கும் இதே சம்பவம் பாடம். நள்ளிரவுக்குச் சற்று முன்னால் நடந்தது. ஒரு மணி நேரம் இங்கே அங்கே போனால் ஜூன் 25 ஆகிவிடும். ஜப்பானியக் கடற்படை எந்தக் கடலில் இருந்தாலும் டோக்கியோ நேரத்தில்தான் எழுதும், பசிபிக் கடலின் ட்ரக் தீவில் இருந்தாலும் சரி, சுமத்ராவில் இருந்தாலும் சரி. அமெரிக்க ரோந்து அறிக்கையில் மணிக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். அது எந்த நேர மண்டலம் என்பதன் குறி. கோபேவாசி, உங்கள் அட்டவணையில் இரண்டு நேரத்துக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள். மூன்றாவதாக உலக நேரத்துக்கு ஒன்று. நான் இதைச் செய்யாமல் ஒரு கப்பலை இரண்டு முறை எண்ணி, அதைச் சரிசெய்ய ஒரு மாதம் செலவழித்தேன்.


மாலுமிமகள் எழுதியது (செவ்வாய் காலை)

அண்ணன்மார் எல்லோரும் சொன்னதைப் படித்தேன். எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்கள்! ஆனால் இவ்வளவு பேசியும் கப்பலை ஓட்டியவர்களைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. என் அப்பா இயந்திர அறையில் எண்ணெய் போடும் வேலை பார்த்தவர். அதனால் எனக்கு அது உறுத்துகிறது.

ஜப்பானிய வணிகக் கப்பல்களில் இருந்தவர்கள் படைவீரர்கள் இல்லை. நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை பார்த்த மாலுமிகள். தரைப்படை எடுத்துக்கொண்ட கப்பல் ‘ஏ’, கடற்படை எடுத்துக்கொண்டது ‘பி’, மீதமிருந்து அரிசியும் நிலக்கரியும் தாதுவும் சுமந்தது ‘சி’. கப்பல் போனால் ஆளும் கூடவே போனார். 60,000க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்திருக்கிறார்கள். இறப்பு விகிதம் நூற்றுக்கு 43 என்று ஜப்பானில் கணக்கிடுகிறார்கள். தரைப்படைக்கு 20, கடற்படைக்கு 16. துப்பாக்கி பிடித்தவர்களைவிட, பிடிக்காத மாலுமிகள் விகிதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் செத்திருக்கிறார்கள். கடைசி ஆண்டுகளில் அனுபவசாலிகள் தீர்ந்துபோய், பதினைந்து பதினாறு வயதுப் பையன்களை ஏற்றினார்கள். யோகோசுகாவுக்குப் பக்கத்தில் கன்னோன்ஸாக்கி முனையில் 1971இல் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள், கடலைப் பார்த்தபடி.

‘ஏ’, ‘பி’, ‘சி’ வெறும் குறி இல்லை, ஆராய்ச்சிக்கே அதுதான் திறவுகோல். ‘ஏ’ கப்பல் என்றால் தரைப்படையின் கப்பல் பிரிவுத் தாள்களைத் தேட வேண்டும். ‘பி’ என்றால் கடற்படையின் போர் நாட்குறிப்புகள். ‘சி’ என்றால் 1942இல் அமைத்த கப்பல் இயக்கக் கழகமும் கப்பல் நிறுவனங்களின் சொந்த வரலாறுகளும். இது தெரியாமல் தவறான அலமாரியில் தேடிக்கொண்டே இருப்போம்.

சுஷிமா மாரு கதையைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. 1944 ஆகஸ்டில் ஒகினாவாவில் போர் வரப்போகிறது என்று பள்ளிக் குழந்தைகளை நாஹாவிலிருந்து கியூஷுவுக்கு அனுப்பினார்கள். 22ஆம் தேதி இரவு, அகுசெகி தீவுக்கு அருகே ‘போஃபின்’ நீர்மூழ்கியின் டார்பிடோ. இறந்தவர்கள் 1,484 பேர், அதில் 784 பேர் பள்ளிக் குழந்தைகள். பிழைத்தவர்களிடம் ‘வாயைத் திறக்கக் கூடாது’ என்று அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். உயிரோடு திரும்பிய சிறுமி, தன்னோடு வந்த தோழியின் அம்மாவிடம்கூட நடந்ததைச் சொல்லக் கூடாது. ஊருக்கு வர வேண்டிய கடிதம் வராததை வைத்துத்தான் பெற்றோர்கள் புரிந்துகொண்டார்கள். 1997 டிசம்பரில் சுமார் 870 மீட்டர் ஆழத்தில் ஆளில்லா ஆய்வுக் கலம் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தது. முன்பக்கத்தில் பெயர் தெரிந்தது. 2004இல் நாஹாவில் நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள்.

அமெரிக்கப் பட்டியலில் இந்தக் கப்பலுக்கு எதிரே 6,754 டன் என்று இருக்கும். அது தவறு இல்லை. ஆனால் நம் அட்டவணையிலும் அது மட்டும்தான் இருக்கும் என்றால் எனக்கு ஒப்பவில்லை.


சுக்கான் எழுதியது (செவ்வாய் மதியம்)

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. கப்பலில் காலம் கழித்த நானே டன் கணக்கோடு நிறுத்திக்கொண்டேன். ஆழநீர், ‘டாங்’ விஷயத்தில் என் வார்த்தையைத் திருத்திக்கொள்கிறேன். கேப்டன்கள் கூட்டியும் சொன்னார்கள், குறைத்தும் சொன்னார்கள். எதிர்ப்பக்கத் தாள் இல்லாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும்.


திருமலையான் எழுதியது (செவ்வாய் இரவு)

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். ஏட்டுச்சுவடி ஐயா ஜுன்யோ மாரு என்ற பெயரைச் சும்மா எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பெயரைக் கண்டதும் நெஞ்சு இறுகிப் போனது.

என்னுடைய அப்பப்பா இங்கே கடற்படைத் தளத்தில் கூலி வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான்காரன் குண்டு போட்ட கதையைச் சின்ன வயதில் நூறு தரம் சொல்லியிருக்கிறார். பிறகு பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் வந்து நின்றதையும் சொல்வார். இங்கிருந்து புறப்பட்டு மலாக்கா நீரிணைக்கும் சுமத்ராக் கரைக்கும் போய் வருவார்கள். அவை என்ன செய்தன என்று பிற்காலத்தில் நானாகத் தேடிப் படித்தேன்.

‘டிரேட்விண்ட்’ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி 1944 செப்டம்பர் 18இல் சுமத்ராவின் மேற்குக் கரையில் ஜுன்யோ மாருவை டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. ஸ்காட்லாந்தில் 1913இல் கட்டிய, 5,065 டன் கிழட்டுக் கப்பல். அதில் ஏறத்தாழ 2,300 போர்க்கைதிகளும் ஜாவாவிலிருந்து பிடித்துக்கொண்டு போன 4,200 ரோமுஷாக்களும் இருந்தார்கள். ரோமுஷா என்றால் ஜப்பான் படைக்குக் கட்டாயக் கூலிகள். சுமத்ராவில் பெக்கன்பாரு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். மூங்கிலால் தட்டுத் தட்டாகப் பிரித்து ஆட்களை அடைத்திருந்தார்கள். இறந்தவர்கள் 5,600 பேருக்கு மேல். ‘டைட்டானிக்’ கப்பலைப் போல மூன்று மடங்குக்கும் மேல். டைட்டானிக்கைத் தெரியாத பிள்ளை இல்லை, ஜுன்யோ மாருவை யாருக்குத் தெரியும்?

கைதிகளின் பெயர்கள் கிடைக்கின்றன, டச்சுக் குடும்பங்கள் தேடித் தேடிச் சேர்த்தன. ரோமுஷாக்களின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஏற்றும்போது எண்ணிக்கை மட்டும்தான்.

இன்னொரு இலங்கைத் தொடர்பும் சொல்கிறேன். ஜப்பானிய வணிகக் கப்பல்களின் ரகசியக் குறியீட்டை உடைத்த பிரிட்டிஷ் பிரிவு சிங்கப்பூரிலிருந்து 1942 தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தது. ஏப்ரல் குண்டுவீச்சுக்குப் பிறகு கென்யாவில் கிலிண்டினிக்கு மாறி, அங்கே அந்த ஆண்டுக்குள்ளேயே குறியீட்டை உடைத்தார்கள். 1943இல் திரும்பவும் கொழும்புக்கே வந்தார்கள். எந்தக் கப்பல் எப்போது எந்தத் துறையை விட்டுக் கிளம்புகிறது, நண்பகலில் எந்த இடத்தில் இருக்கும் என்பது நேசநாடுகளுக்கு முன்கூட்டியே தெரிய வந்தது. கோபேவாசி, மூழ்கிய கப்பலைத் தேடும்போது அந்தத் தந்திச் செய்திகளையும் பாருங்கள். கப்பலின் சொந்தத் தாள் எரிந்துபோயிருந்தாலும், எதிரி ஒட்டுக்கேட்டு எழுதி வைத்தது அமெரிக்க, பிரிட்டிஷ் ஆவணக்காப்பகங்களில் பத்திரமாக இருக்கிறது.


ஈப்போக்காரன் எழுதியது (புதன் காலை)

திருமலையான் எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குப் போக மனம் வரவில்லை. பெயர் எழுதாமல் எண்ணிக்கையாக ஏற்றியது எங்களுக்குத் தெரிந்த கதை. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பான் படை போட்ட சயாம் மரண ரயிலுக்கு இங்குள்ள ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று. என் பாட்டியின் அண்ணன் போனவர், திரும்பவில்லை. எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்த ரயிலுக்கும் இந்தக் கப்பல்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பாதை போட்டு முடித்த பிறகு பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளை ஜப்பானுக்கு அனுப்ப சிங்கப்பூரில் கப்பல் ஏற்றினார்கள். 1944 செப்டம்பர் 12இல் அமெரிக்க நீர்மூழ்கிகளான ‘சீலயன்’ ரகுயோ மாருவையும், ‘பம்பனிட்டோ’ கச்சிடோகி மாருவையும் ஒரே நாளில் மூழ்கடித்தன. ரகுயோவில் மட்டும் 1,300க்கும் மேற்பட்ட கைதிகள். மூன்று நாள் கழித்து பம்பனிட்டோ அதே கடலுக்குத் திரும்பி வந்தபோது, எண்ணெயில் தோய்ந்து மிதவைகளைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்கள் ஆங்கிலத்தில் கத்தினார்கள். அந்த ஒரு நீர்மூழ்கி மட்டும் 73 பேரைத் தூக்கியது. மரண ரயிலில் என்ன நடந்தது என்று நேரில் பார்த்தவர் வாயால் வெளியுலகம் கேட்டது அவர்கள் வழியாகத்தான். தங்களோடு தமிழர்கள் செத்ததையும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

கச்சிடோகி மாருவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அது பிறப்பால் அமெரிக்கக் கப்பல், ‘பிரசிடென்ட் ஹாரிசன்’. 1941 டிசம்பரில் சீனக் கரையில் ஜப்பான் பிடித்துப் பெயர் மாற்றியது. பழைய பெயரில் தேடினால்தான் அதன் வரைபடம் கிடைக்கும்.


சுக்கான் எழுதியது (புதன் இரவு)

பிடித்த கப்பல் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஹொகொகு மாரு, ஐகொகு மாரு என்று இரண்டு கப்பல்கள். பயணிகள் கப்பலாகத் திட்டமிட்டுக் கட்டியவற்றுக்குப் பீரங்கி பூட்டி, இந்துமாக்கடலில் வேட்டைக்கு விட்டார்கள். 1942 ஜூலையில் கொழும்பு நோக்கி வந்துகொண்டிருந்த ‘ஹவுராக்கி’ என்ற நியூசிலாந்துக் கப்பலைப் பிடித்தார்கள். அது ஹோகி மாரு ஆயிற்று. அதே ஆண்டு நவம்பர் 11இல் அந்த இரண்டும் ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலையும் அதற்குத் துணையாக வந்த ‘பெங்கால்’ என்ற சின்னஞ்சிறு கப்பலையும் மறித்தன. பெங்கால், ராயல் இந்தியக் கடற்படையின் கப்பல். அதில் பெரிய துப்பாக்கி என்று ஒன்றே ஒன்று. ஒண்டினாவிலும் அப்படியே ஒன்று. எதிரிக் கப்பல் ஒவ்வொன்றிலும் எட்டு.

வெடித்து மூழ்கியது ஹொகொகு மாரு. யாருடைய குண்டு பட்டது? பெங்காலில் இருந்தவர்கள் தங்களுடையது என்றார்கள், ஒண்டினாவில் இருந்தவர்கள் தங்களுடையது என்றார்கள். ஒண்டினா போய்விட்டது என்று நினைத்தபடி பெங்கால் கொழும்பு போய்ச் சேர்ந்தது. ஒண்டினாவோ, கேப்டனை இழந்து, ஆட்கள் ஒருமுறை கப்பலைக் கைவிட்டு மறுபடி ஏறி, ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டிலுக்குத் திரும்பியது. அந்த வாரத் தாள்களை மட்டும் படித்தால் உயிரோடு இருக்கும் கப்பலை மூழ்கியதாக எழுதிவிடுவோம்.

ஐகொகு மாரு 1944 பிப்ரவரி 17இல் ட்ரக் தீவில் அமெரிக்க விமானங்கள் தாக்கியபோது வெடித்துச் சிதறியது. அதே தாக்குதலில் மூழ்கியது ஹோகி மாரு. பிடித்ததும் பிடிபட்டதும் இன்று ஒரே குடாவின் அடியில் கிடக்கின்றன. ஹோகி மாருவின் சரக்கறையில் லாரிகளும் புல்டோசர்களும் இன்னும் நிற்கின்றன, முக்குளிப்பவர்கள் போய்ப் பார்க்கிறார்கள்.


கோபேவாசி எழுதியது (வெள்ளி இரவு)

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாகத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு இதில் உட்கார்ந்திருக்கிறேன்.

காமகுரா மாருவை லாயிட்ஸ் பதிவேட்டில் பிடித்தேன். மூன்று பெயரும் ஒரே டன், ஒரே ஆண்டு, ஒரே பட்டறை. ஏட்டுச்சுவடி ஐயா சொன்னபடியே. ஆழநீர் அண்ணன் சொன்னதுபோல நேரத்துக்கு மூன்று பத்தி போட்டேன். மாலுமிமகள் அக்கா எழுதியதைப் படித்த பிறகு அட்டவணையின் வரிசையை மாற்றிவிட்டேன். பெயருக்கு அடுத்து டன் இருந்தது. இப்போது பெயருக்கு அடுத்து ‘கப்பலில் இருந்தவர்கள்’. அதிலும் மாலுமி, பயணி, படைவீரர், கைதி, கூலி என்று தனித்தனியாக. டன் கடைசிக்குப் போய்விட்டது.

இதைச் செய்ததில் ஒன்று பிடிபட்டது. இங்கே வந்த கப்பல்களை எல்லாம் நிரப்பிப் பார்த்தேன். தமஹோகோ மாருவில் கைதிகள் பத்தியில் எண் இருக்கிறது, பெயர்ப் பட்டியலைத் தேடிப் போகவும் வழி இருக்கிறது. சுஷிமா மாருவில் குழந்தைகளின் பெயர்கள் இருக்கின்றன, நாஹாவில் சுவரில் படங்களும் இருக்கின்றன. மான்டிவிடியோ மாரு என்று இன்னொன்றையும் சேர்த்தேன். 1942 ஜூலை 1இல் லூசோன் தீவுக்கு அப்பால் மூழ்கியது, நியூகினிக்குப் பக்கத்தில் ரபாவுலில் பிடித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளோடு. பெரும்பாலும் ஆஸ்திரேலியர்கள். பெயர்ப் பட்டியல் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. 2012இல் ஜப்பான் அரசு அதை ஆஸ்திரேலியாவிடம் கொடுத்தது, 2023 ஏப்ரலில் கப்பலே 4,000 மீட்டருக்குக் கீழே கிடைத்தது. எண்பது வருடம் ஆனாலும் தேடினார்கள், கிடைத்தது.

ஜுன்யோ மாரு வரிசைக்கு வந்தேன். ‘கூலி’ பத்தியில் 4,200 என்று போட்டேன். அதற்குப் பக்கத்தில் ‘பெயர்ப் பட்டியல்’ என்ற கட்டம். அதை வெறுமையாக விட்டிருக்கிறேன். திருமலையான் அண்ணா, அப்படி விடலாமா?


திருமலையான் எழுதியது (வெள்ளி, நள்ளிரவு)

விடாதீர்கள் தம்பி. வெறும் கட்டத்தைப் பார்க்கிறவர், நீங்கள் இன்னும் நிரப்பவில்லை, பிறகு வரும் என்று நினைப்பார். ‘ஏற்றியவர்கள் எழுதவில்லை’ என்று அந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள்.


கோபேவாசி எழுதியது (சனி காலை)

எழுதிவிட்டேன் அண்ணா. கீழே ‘ஜாவா’ என்று ஊரையும் போட்டேன், அதுவாவது தெரிந்திருக்கிறதே.

நாளை மறுபடி அந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறேன். தமஹோகோ மாருவின் மாலுமிகள் பத்தி நிரம்பவில்லை. அங்கே கேட்டுப் பார்க்கிறேன். ஈப்போக்காரன் ஐயா, ரகுயோ மாரு வரிசையை நீங்கள் பார்த்துத் திருத்தித் தந்தால் நன்றாக இருக்கும்.